ஞாயிற்றுக்கிழமை குரைக்காத நாய்

என் கணவரோடு ஒன்றாகப் படித்த நண்பர் ஒருவர் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூற்று மூன்றில் அவர் லிங்கராஜபுரத்தில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு வீடு கட்டினார். அங்கிருந்து பணம் அனுப்பி மேஸ்திரியை வைத்துக் கட்டியதால் அந்தத் தெருவில் அவர் முகம் யாருக்கும் தெரியாது. ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை, பின்னால் முன்பே இருந்த ஒரு கொய்யா மரம். அதில் அவர் குடியிருக்கப் போவதில்லை. வாடகைக்கு விடப்போவதும் இல்லை. வருஷத்துக்கு மூன்று வாரம், கிறிஸ்துமஸை ஒட்டி வந்து தங்கிப் போவதற்காக மட்டும் கட்டியது. ஹாலிடே ஹோம் என்றார். லீவு விட்டால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுதானே, லீவுக்கென்று தனியாக ஒரு வீடு எதற்கு என்று என் மாமியார் கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. அங்கே அவர் போகும் சர்ச்சில் ஒரு தமிழர், பெங்களூர் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வந்து, ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பிப் போனாராம். உள்ளே வேறு ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. வாசலில் கோலம், சுவரில் அவர்கள் கல்யாண போட்டோ, அதே விலாசத்தில் ரேஷன் கார்டு. கதவைத் தட்டியவரிடம் அந்த வீட்டம்மா யார் வேண்டும் என்று கேட்டு, உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம். கேஸ் நடந்ததைவிட அந்தத் தண்ணீர்தான் அண்ணனை ரொம்பப் பாதித்திருந்தது.

"அவர் வீட்டு டம்ளர்லயே குடுத்திருக்காங்க தங்கச்சி" என்றார்.

அதனால் புறப்படும்போது பதினோரு சாவிகளையும் எட்டுப் பக்கக் கடிதம் ஒன்றையும் என்னிடம் கொடுத்தார். வீடு பூட்டியிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றக் கூடாது, அவ்வளவுதான் என்றார். அந்த அவ்வளவுதானுக்குத்தான் எட்டுப் பக்கம். திங்கள், புதன், வெள்ளி கொடியில் துணி காயவேண்டும். அதற்காக இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும் ஒரு துண்டும் விட்டுப் போயிருந்தார். உலர்ந்த துணியைத் தொங்கவிட்டால் சொட்டாது, பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்பதால், அழுக்கே ஆகாத அந்தத் துணிகளை நான் வாரம் மூன்று முறை நனைத்துப் பிழிந்து போட்டேன். மூன்றாம் வாரம் லுங்கி காணாமல் போனது. என் கணவர் அதை ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டார். ஆள் இல்லாத வீடு என்று தெரிந்திருந்தால் திருடன் பூட்டை உடைத்திருப்பான், ஆள் இருப்பதாக நம்பியதால்தான் லுங்கியோடு போய்விட்டான் என்றார். யோசித்துப் பார்த்தால் அது சரியாகவும் இருந்தது.

நான் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் பஸ் பிடித்து, நாலு மணிக்கு அந்த வீட்டுக்குப் போய், ஐந்து மணிக்குப் பூட்டிக்கொண்டு வருவேன். எங்கள் வீட்டில் இரண்டு அறையில் ஐந்து பேர். கல்யாணம் ஆன பிறகு ஒரு கதவை மூடிக்கொண்டு தனியாக உட்கார்ந்த நினைவே எனக்கு இல்லை. இங்கே ஒரு முழு வீடு எனக்காகச் சும்மா கிடந்தது. வேலை இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் ஹாலின் நடுவில் தரையில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஆகிறதா என்று மாமியார் கேட்டால், எட்டுப் பக்கம் அத்தை, என்பேன்.

ஆறு மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் அண்ணன் இரண்டு டைமர்கள் கொடுத்தனுப்பினார். குறித்த நேரத்தில் தானாக கரண்டைப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டிகள். ஒன்று ஹால் விளக்குக்கு. இன்னொன்று ஒரு டேப் ரிக்கார்டருக்கு. கூடவே ஒரு கேசட். அதில் நாய் குரைக்கும். அங்கே பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை ஜன்னலில் ரிக்கார்டரை வைத்து அரை மணி நேரம் பதிவு செய்திருந்தார். சாயங்காலம் ஆறேகாலுக்கு அது தானாக ஓடவேண்டும். அது தன்னால் பின்னுக்குச் சுற்றிக்கொள்ளாது, ஆகவே நான் தினமும் ரீவைண்ட் செய்துவிட்டுப் போகவேண்டும். உள் அறை அலமாரியில் அதை வைத்து, முதல் இரண்டு நிமிஷம் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே குரைத்தது. முதல் வாரம் தெருநாய்கள் எல்லாம் கேட்டின் முன் கூடிப் பதில் குரைத்தன. பிறகு இவனோடு பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டன.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூரில். தெருவில் நடப்பதையெல்லாம் தபால் பிரிப்பதுபோல் பிரித்து வைத்துக்கொள்கிறவர். ஒரு நாள் நான் கேட்டைப் பூட்டும்போது தெருவைக் கடந்து வந்து, வெள்ளைக்காரர் சௌக்கியமா என்று கேட்டார். எந்த வெள்ளைக்காரர் சார் என்றேன்.

"உள்ளே இருக்கறவர்தான். தினம் ஆறே முக்காலுக்கு நாயை அதட்டறாரே. நான் கன்டோன்மென்ட் பக்கம் போஸ்ட்மாஸ்டரா இருந்தவன் டீச்சர். கவுன்டர்ல எல்லாக் குரலும் கேட்டிருக்கேன். இது அசல்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் வீட்டில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு ஆறே முக்கால் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாய் குரைத்தது, ஓய்ந்தது, மறுபடி குரைத்தது. கேசட் முடியப்போகும் நேரத்தில் ஒரு கதவு திறந்தது. ஒரு ஆண் குரல் கனமான ஆங்கிலத்தில், போதும் நிறுத்து, உள்ளே வா, டீ ஆறிப்போகிறது என்றது. கதவு மூடியது. டேப் நின்றது.

அண்ணனும் முழுசாகக் கேட்டதில்லை. ஐ.எஸ்.டி. பூத்தில் இருந்து கூப்பிட்டுச் சொன்னபோது முதலில் சிரித்தார். அது பக்கத்து வீட்டுக்காரர், பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர் என்றார். அந்த இடத்தை மட்டும் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அழிச்சுடாதீங்க. வெள்ளைக்காரன் இருக்கற வீட்டை எவன் தொடுவான்?"

நான் சண்டே ஸ்கூலிலும் பாடம் நடத்துகிறவள். வெள்ளைக்காரர் இருக்கிறார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது. ஆனால் தெருவுக்கு என் வாய்மொழி தேவைப்படவே இல்லை.

போஸ்ட்மாஸ்டர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். ஹால் விளக்கின் டைமர் உயரத்தில் இருந்தது. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். அந்தக் கோடையில் தினமும் கரண்ட் போயிற்று, நான் ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்யச் சோம்பிவிட்டேன். ஆறரைக்கு எரியவேண்டிய விளக்கு நாளாக ஆகப் பின்தங்கி, தெருவே தூங்கிய பிறகு எரிய ஆரம்பித்தது. தூக்கம் பிடிக்காத போஸ்ட்மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்து, இங்கிலாந்தில் மாலை ஆறரை என்று கண்டுபிடித்தார். துரை இன்னும் நம்ம நேரத்துக்குப் பழகவில்லை என்று என்னிடம் அனுதாபத்தோடு சொன்னார். அதற்குப் பிறகு டைமரைத் தொட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு பெரிய மனுஷருடைய பழக்கவழக்கத்தில் தலையிடுவதுபோல. ஆனால் கரண்ட் போவது நிற்கவில்லை. விளக்கு விடிகாலையில் எரிய ஆரம்பித்து, துரைக்கு அமெரிக்காவில் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று பேச்சு வந்தபோது, ஸ்டூல் போட்டு ஏறி அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவதில்லை. ரீவைண்ட் செய்ய ஆள் இல்லாததால் அன்றைக்கு நாய் குரைக்காது. இதையும் போஸ்ட்மாஸ்டர் கவனித்திருந்தார். கன்டோன்மென்டில் எத்தனையோ வெள்ளைக்காரர் வீட்டு நாய்களைப் பார்த்திருக்கிறேன், ஓய்வுநாளை அனுசரிக்கிற நாயை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

பால்காரர் கன்னடத்தில், தொரெக்கு எவ்வளவு பால் என்று என்னை நிறுத்திக் கேட்டார். துரைக்கு டப்பா பால்தான் பழக்கம்போல என்று அவரே முடிவு செய்துகொண்டார். டிசம்பரில் எங்கள் சர்ச் கேரல் குழு அந்த கேட்டின் முன் நின்று பாடியது. பாட்டு முடிந்ததும் விளக்கு எரிந்தது. வெளியே வராவிட்டாலும் மனுஷர் கேட்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் திருப்தி. நானும் அந்தக் குழுவில் நின்று பாடிக்கொண்டிருந்தேன்.

பிறகு போஸ்ட்மாஸ்டர் கடிதம் போட ஆரம்பித்தார். பழைய காலத்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு வரியும் அளவெடுத்து எழுதிய கடிதங்கள். சாக்கடை அடைப்பைப் பற்றி, மழையைப் பற்றி, ஒரு கடிதத்தில் தன் மனைவி இறந்த வருஷத்தைப் பற்றி. கேட்டில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். பதில் எதிர்பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றின் முடிவிலும் எழுதியிருப்பார். நான் ஹாலில் படுத்துக்கொண்டு அவற்றைப் படித்தேன். பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாதுதான். ஆனால் அந்தப் பிறர் இல்லையே.

அப்படி ஒரு நாள் பெட்டியில் ஒரு மனு இருந்தது. தெருமுனையில் விளக்குக் கம்பம் கேட்டு கார்ப்பரேஷனுக்கு. இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் இடம் மட்டும் காலியாக விட்டு, துரை கையெழுத்திட்டால் மனுவுக்கு மதிப்புக் கூடும் என்று ஒரு குறிப்பு குத்தியிருந்தது. கள்ளக் கையெழுத்துப் போட என்னால் முடியாது. போடாமல் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. என் கணவரிடம் கேட்டேன். அந்தக் குரலுக்குரிய ஆளுக்கே அனுப்பிவிடு என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அனுப்பிவிட்டேன். அண்ணன் வேலி தாண்டிப் போய் அதை நீட்டியிருக்கிறார். அந்த மனிதர் படித்துப் பார்த்து, இருபத்தாறு பேருக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் தனக்கு என்ன ஆட்சேபம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்று வாரம் கழித்து மனு திரும்பி வந்தது. போஸ்ட்மாஸ்டர் அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வருஷமே கம்பம் நட்டார்கள். அது யாரால் வந்தது என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

முதல் மூன்று டிசம்பரில் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான்காவது வருஷம் வந்தார். இருபதாம் தேதி என்று எழுதியிருந்தவர், டிக்கெட் கிடைத்ததென்று பதினெட்டாம் தேதியே வந்து இறங்கிவிட்டார். சாவி எல்லாம் என்னிடம். நான் பள்ளிக்கூடத்தில். டாக்ஸியை அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் வீட்டு கேட்தானே என்று ஏறிக் குதிக்கப் பார்த்திருக்கிறார்.

நான் பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போதே பால்காரர் சைக்கிளோடு காத்திருந்தார். தொரெ வீட்டில் ஒரு திருடனைப் பிடித்திருக்கிறோம், நல்ல டிரஸ் போட்டிருக்கிறான், இரண்டு பெட்டிகூட வைத்திருக்கிறான் என்றார். போய்ப் பார்த்தால் போஸ்ட்மாஸ்டர் வீட்டு வராந்தாவில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேன்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. சுற்றிலும் எட்டுப் பேர். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தார்கள்.

"இந்த வீடு தன்னோடதுங்கறார் டீச்சர்" என்றார் போஸ்ட்மாஸ்டர். "ஆக்கிரமிக்க வர்ற எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஆமாம், இவர்தான் சொந்தக்காரர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதன் பின்னால் நாய், கேசட், விளக்கு, கேரல், மனு எல்லாம் வரிசையாக வரும். போஸ்ட்மாஸ்டர் எழுதிய கடிதங்களும் வரும். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"துரைக்கு வேண்டியவர் சார்" என்றேன். "பக்கத்து வீட்டுக்காரர். துரை இப்போ அவர் ஊர்ல இருக்கார். லீவுக்கு இவர் வந்திருக்கார்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம், பக்கத்து வீடுதான் என்றார்.

அந்த மூன்று வாரமும் தன் சொந்த வீட்டில் அவர் விருந்தாளியாக இருந்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு பாதுகாப்பான வீடு இங்கிலாந்தில்கூட இல்லை என்று என் கணவரிடம் பெருமையாகச் சொன்னார். ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. கொய்யா மரத்தின் கிளை ஒன்று கூரை ஓடுகளை உரசிக்கொண்டிருந்தது. அண்ணன் வெட்டப் போனார். போஸ்ட்மாஸ்டர் வந்து, மரம் துரையுடையது, அவர் எழுத்தில் அனுமதி கொடுக்கட்டும் என்று நிறுத்திவிட்டார். அண்ணன் பிரேசர் டவுனில் ஒரு கடையிலிருந்து, இங்கிலாந்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் மகளுடைய ஆபீஸுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது. தாராளமாக வெட்டுங்கள், கூடு ஏதாவது இருந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்தோடு. போஸ்ட்மாஸ்டர் ஏணி வைத்து ஏறி மரம் முழுக்கத் தேடி, கூடு இல்லை என்று உறுதி செய்த பிறகு கிளை வெட்டப்பட்டது.

மனு, பிறகு கொய்யா மரம். அந்த ஆங்கிலேயருக்கு இந்தத் தெருமேல் ஆர்வம் வந்திருக்கவேண்டும். இரண்டு வருஷம் கழித்து அண்ணன் டிசம்பரில் புறப்பட்டபோது, நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். மனைவி இறந்திருந்தார். அந்த ஜூனில் நாயும் செத்துப்போயிருந்தது. வீட்டில் தனியாக இருந்தார். அண்ணன் போனில் இதைச் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்டேன். மனுவும் மரமும் தெரியும் என்றார். ஐந்தரை வருஷமாக இங்கே குடியிருப்பது தெரியுமா? அதை வழியில் விமானத்தில் மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். விமானத்தில் அவர் தூங்கிவிட்டார்.

ஒல்லியாக, வெளுத்த தொப்பியோடு, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு அந்த மனிதர் டாக்ஸியிலிருந்து இறங்கியபோது தெரு முழுக்க நின்றது. பால்காரர் ஒரு செம்பு பால் கொண்டுவந்திருந்தார். போஸ்ட்மாஸ்டர் கோட் போட்டிருந்தார். அவர் முன்னால் போய், சார், தங்கள் குரலை இத்தனை வருஷமாகக் கேட்டு வருகிறேன், முகத்தைப் பார்க்கும் பாக்கியம் இன்றுதான் கிடைத்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார். சர்ச் பெண்கள், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பாடினோமே, ஒரு தடவையாவது வெளியே வந்திருக்கலாம் என்று உரிமையோடு குறைபட்டார்கள். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒவ்வொருவர் சொன்னதையும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். என்ன புரிந்ததோ தெரியாது. கடைசியில், என்னை மன்னிக்கவேண்டும், நான் முன்பே வந்திருக்கவேண்டும் என்றார். தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. சாக்குப்போக்குச் சொல்லாத மனுஷர் என்று போஸ்ட்மாஸ்டர் என் காதில் சொன்னார். அன்று சாயங்காலமே அவரைத் தெருமுனைக்கு அழைத்துப்போய் விளக்குக் கம்பத்தைக் காட்டினார். அவர் அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார். எரிகிறதே என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் பால்காரர் நாய் எங்கே என்று விசாரித்தார். அண்ணன் மொழிபெயர்த்தார். ஜூனில் இறந்துவிட்டது என்றார் அவர். அண்ணன் ஜூனை விட்டுவிட்டு, இறந்துவிட்டது என்று மட்டும் கன்னடத்தில் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற போஸ்ட்மாஸ்டருக்கு ஆங்கிலம் தெரியும். போன வாரம்வரை அவர் அந்த நாயைக் கேட்டிருந்தார். அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். 

நாய் செத்த செய்தி தெருவில் பரவியது. ஐந்தரை வருஷம் தினமும் கேட்ட குரல். குழந்தைகள் அதைக் கேட்டுத்தான் விளையாட்டை நிறுத்தி வீட்டுக்குப் போவார்கள். மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்கவேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சாயங்காலம் வந்தார்கள். அண்ணனும் அவரும் பிரேசர் டவுன் பேக்கரிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். நாற்காலி பற்றாமல் எதிர்வீட்டிலிருந்து வாங்கிப் போட்டோம். ஒரு அம்மா சின்னதாக ஜெபம் செய்தார். நாய்க்காக ஜெபிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது. ஊரில் யாருமே வந்து விசாரிக்கவில்லை, அங்கே அதெல்லாம் வழக்கமில்லை என்று அண்ணனிடம் சொன்னார்.

டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். மணி ஆறேகால். உள் அறையில் நாய் குரைத்தது.

அவர்கள் வருகிறார்கள் என்று அந்த டைமரை நான்தான் முந்தைய வாரமே அணைத்திருந்தேன். ஆனால் பேக்கரிக்குப் புறப்படும்போது, வீட்டில் ஆள் இல்லையே என்று அண்ணன் பழக்கதோஷத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். ஆங்கிலேயர் கப்பைக் கீழே வைத்தார். நாயின் பெயரைச் சொன்னார். எழுந்து உள் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார்.

நான் பின்னால் ஓடினேன். என் பின்னால் போஸ்ட்மாஸ்டர். அலமாரியில் ரிக்கார்டரின் சிவப்பு விளக்கு, சுற்றும் கேசட், டைமர். ஆங்கிலேயர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். போஸ்ட்மாஸ்டர் ரிக்கார்டரைப் பார்த்தார், டைமரைப் பார்த்தார், அதிலிருந்து போன ஒயரைக் கண்ணாலேயே சுவர்வரை தொடர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கூனிப்போய் நின்றதில்லை. ஹாலில் நாற்காலிகள் நகரும் சத்தம். இன்னொரு நாய் இருக்கிறதா என்று பால்காரர் கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார்.

போஸ்ட்மாஸ்டர் வாசற்படியில் திரும்பி நின்றார்.

"செத்துப்போன நாயோட குரல். ரிக்கார்ட் பண்ணி வெச்சிருக்கு" என்று முதலில் தமிழிலும் பிறகு கன்னடத்திலும் சொன்னார். "எல்லாரும் உக்காருங்க. அவர் கேக்கட்டும்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் பன்னிரண்டு பேர் அசையாமல் ஒரு நாய் குரைப்பதைக் கேட்டோம். இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியில் கதவு திறந்தது, போதும் நிறுத்து, உள்ளே வா, டீ ஆறிப்போகிறது என்றது குரல். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். அந்த டீயைப் போட்டது என் மனைவி, அவள் உள்ளே இருந்தாள் என்றார். அதை அவர் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அருகில் நான்தான் இருந்தேன்.

எல்லோரும் போன பிறகு போஸ்ட்மாஸ்டர் தன் நாற்காலிகளை எடுக்க வந்தார். நான் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரோடு தெருவைக் கடந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஏன் குரைக்கறதில்லை?"

"ஞாயிறு நான் வர்றதில்லை சார். ரீவைண்ட் பண்ண ஆளில்லை."

"அதுதான் பிடிபடாம இருந்தது" என்றார். நாற்காலிகளை வரிசையாக அடுக்கினார். தன் கடிதங்கள் என்ன ஆயின என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன், எல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஒன்றுவிடாமல் படித்தேன் என்று.  எழுத்துப் பிழை ஏதாவது இருந்ததா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். தெருவில் வேறு யாருக்கும் அவர் இந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

கேசட்டை அந்த மனிதரிடமே கொடுத்துவிட்டோம். பையில் துணிகளுக்கு நடுவில் சுருட்டி வைத்துக்கொண்டார். அவர் போன பிறகு அண்ணனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இனி வீட்டுக்கு என்ன காவல் என்று கேட்டார். போஸ்ட்மாஸ்டர் ஒரு சாவியைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். அதோடு டைமர்கள் ஓய்ந்தன. அவரே சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டார், காலையில் அணைத்தார். பேப்பரை அங்கேயே உட்கார்ந்து படித்தார். அந்த ஆங்கிலேயருக்குக் கடிதமும் அங்கேயிருந்துதான் எழுதினார். இப்போது பதில் வந்தது.

எனக்குத்தான் என் ஒரு மணி நேரம் போயிற்று. நாலு மணிக்குப் போனால் அவர் ஹாலில் உட்கார்ந்திருப்பார். வாங்க டீச்சர், என்று வரவேற்பார். அவருடைய வீட்டுக்கு வந்ததுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். சில வாரங்களில் போவதையே நிறுத்திவிட்டேன். மாமியார் சந்தோஷப்பட்டார். சீக்கிரம் வந்துவிடுகிறாயே என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அண்ணனுக்கு முதுகுவலி வந்து, வருஷாவருஷம் வருவது குறைந்தது. கோயம்புத்தூரிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த ஒரு இளம் ஜோடிக்கு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார். எப்போதாவது வந்தால் எங்கள் ஹாலில்தான் படுக்கிறார். சாவிக்கொத்தை அந்தப் பெண்ணிடம் கொடுக்கும்போது ஒவ்வொன்றும் எதற்கு என்று விளக்கினேன். அவள் இரண்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். கேட் பாதி திறந்தபடி கிடக்கும், கொடியில் நாலு நாள் துணி அப்படியே தொங்கும். ஒரு தடவை நிறுத்திச் சொன்னேன். யாரு ஆன்ட்டி வரப்போறாங்க, என்று சிரித்தாள்.